ஆங்கிலத்தில் ‘ஜி-எச்’: ஒரு மெய்யொலி மறைந்தது எப்படி?

பள்ளிக்கூடத்தில் ஸ்பெல்லிங் மனப்பாடம் செய்யும்போது ‘என்-ஐ-ஜி-எச்-டி நைட்’ என்று ராகத்தோடு சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். நடுவில் நிற்கும் ஜி-யும் எச்-சும் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் ‘அது சைலண்ட்’ என்று பதில் வரும். நாலு பாடம் தள்ளி ‘லாஃப்’ வரும். அதே இரண்டு எழுத்து அங்கே ‘ஃப்’ என்று ஒலிக்கும். அப்புறம் ‘கோஸ்ட்’, அங்கே இரண்டும் சேர்ந்து ‘க’. மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’ என்ற சொல்லில் மௌனம், சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்டர்’ என்ற சொல்லில் ‘ஃப்’. அந்த ‘லாஃப்டர்’ முன்னால் ஓர் எஸ் சேர்த்தால் ‘ஸ்லாட்டர்’, மறுபடி மௌனம். ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு விதியே கிடையாது என்று பிள்ளைகள் முடிவு கட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதற்குப் பிறகு அவர்கள் விதியைத் தேடுவதே இல்லை. எல்லாவற்றையும் உரு ஏற்றுகிறார்கள்.

இது அநியாயமான முடிவு என்று நினைக்கிறேன். ஆங்கில மெய்யெழுத்துகளிலேயே நடந்ததை ஏறத்தாழ முழுமையாகத் தடம் பிடித்துவிடக்கூடியது இந்த ஜி-எச் தான். ஒரு காலத்தில் அது ஒரே ஒலி. அது மூன்று வழிகளில் வெளியேறியது. எந்தச் சொல்லில் எந்த வழி என்பதைப் பெரும்பாலும் அதற்கு முன்னால் நின்ற உயிரும், பின்னால் உயிர் வந்ததா என்பதும் முடிவு செய்தன. இந்த மூன்று வழிகளையும் ஒருமுறை புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய மிஞ்சுவது மிகச் சில சொற்கள்தான்.

இருந்த ஒலி

முதலில் அந்தப் பழைய ஒலியைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாவின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடாமல் நெருங்கி நிற்க, அந்த இடுக்கில் காற்று உரசி வெளியேறும்போது பிறக்கும் ஒலி அது. ‘எஃகு’ என்பதை நிறுத்தி அழுத்திச் சொன்னால் ஆய்தத்தில் கேட்கும் உரசல் அதற்கு நெருக்கம். ஆகவே அந்த ஒலியை இங்கே தனி ஆய்தத்தாலேயே குறிக்கிறேன். ‘ஃப்’ என்று வந்தால் அது எஃப் ஒலி. ஃ மட்டும் வந்தால் தொண்டைப் பக்கத்து உரசல்.

பழைய ஆங்கிலத்தில் இரவுக்கு ‘நிஃட்’ என்று பெயர். வெளிச்சம் ‘லியோஃட்’, மகள் ‘டோஃடோர்’. இவற்றில் ஃ இருந்த இடத்தில் அன்று வெறும் எச் மட்டும் எழுதினார்கள். சொல்லின் தொடக்கத்தில் அந்த எச் ‘ஹ’ என்று ஒலித்தது. நடுவிலும் கடைசியிலும் ‘ஃ’ என்று ஒலித்தது. படிப்பவருக்குக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் அந்த ஒலி இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜெர்மானியரிடம் இரவு ‘நாஃட்’, வெளிச்சம் ‘லிஃட்’, மகள் ‘டோஃடர்’. டச்சிலும் அப்படியே. ஸ்காட்லாந்து மக்கள் இரவை இன்றும் ‘நிஃட்’ என்று சொல்வதுண்டு. ஏரிக்கு அவர்களது சொல் ‘லோஃ’.

குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’ இன்னும் தெளிவான சாட்சி. கே-என்-ஐ-ஜி-எச்-டி என்ற அந்தச் சொல்லில் ஆறு எழுத்துகள். 14ஆம் நூற்றாண்டின் கவிஞர் சாசர் காலத்தில் ஆறும் வேலை செய்தன: தொடக்கத்துக் ககரம் ஒலித்தது, நடுவில் உரசல் ஒலித்தது, மொத்தமாக ‘க்நிஃட்’. ஜெர்மன் மொழியில் இதே சொல் ‘க்னெஃட்’ என்று பண்ணையாளைக் குறித்து நிற்கிறது, இரண்டு ஒலிகளையும் விடாமல். ஆங்கிலம் நடுவில் இருந்த உரசலை முதலில் இழந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முன்னால் நின்ற ககரமும் போயிற்று. இன்று ஆறு எழுத்து எழுதி மூன்று எழுத்துக்கு உரிய ஒலியைச் சொல்கிறோம்.

இந்த ஒலிக்கு இரண்டு சாயல்கள் இருந்தன. இ, எ போன்ற உயிர்களுக்குப் பின்னால் வந்தால் நாவின் நடுப்பகுதி உயர்ந்து மெல்லிய உரசலாகக் கேட்டது. அ, ஒ, உ போன்றவற்றுக்குப் பின்னால் வந்தால் நாவின் பின்பகுதி உயர்ந்து கரகரப்பாகக் கேட்டது. பிற்காலத்தில் இரண்டும் தனித்தனி வழியில் போனதற்கு இந்த வித்தியாசமே வித்து.

ஜி எங்கிருந்து வந்தது?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் எழுதுகிற வேலை பிரெஞ்சுப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் கைக்குப் போயிற்று. பிரெஞ்சில் எச் மிக பலவீனமான எழுத்து. பல இடங்களில் அதற்கு ஒலியே இல்லை. அப்படிப்பட்ட எழுத்தைக் கொண்டு ‘நிஃட்’ என்பதன் கரகரப்பைக் காட்ட முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. ‘யோஃ’ என்ற பழைய எழுத்து ஒன்று இருந்தது. பார்வைக்கு 3 என்ற இலக்கம் போல இருக்கும். அதைச் சிலர் எழுதினார்கள். சிலர் எச் மட்டும் எழுதினார்கள். சிலர் ஜி-யையும் எச்-சையும் சேர்த்து எழுதினார்கள். 15ஆம் நூற்றாண்டில் மூன்றாவது வழக்கம் மேலோங்கியது.

அச்சு வந்தபோது அந்த யோஃ எழுத்துக்குப் பெரும்பாலும் அச்சு வார்ப்பே இல்லை. இங்கிலாந்தில் அதன் இடத்தை ஜி-எச்சும் ஒய்-யும் பிடித்துக்கொண்டன. ஸ்காட்லாந்து அச்சுக்காரர்கள் வேறு வழி பார்த்தார்கள். உருவத்தில் ஒத்துப்போகிற இசட் எழுத்தைப் போட்டார்கள். ‘மென்சீஸ்’ என்று நாம் எழுத்தைப் பார்த்து வாசிக்கிற ஸ்காட்டுக் குடும்பப் பெயரை அங்கே மரபாக ‘மிங்கிஸ்’ என்பார்கள். ‘டால்சீல்’ என்று தோன்றுகிற பெயரை ‘டீ-எல்’ என்பார்கள். அந்தப் பெயர்களில் இருக்கும் இசட், இசட்டே அல்ல. அச்சில் உருமாறிப் போன யோஃ.

ஆக, ஜி-எச் என்பது குழப்புவதற்காக யாரோ செருகியது அல்ல. ஒலித்த ஓர் ஒலியைச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த கூட்டெழுத்து அது. துயரம் என்னவென்றால், அந்த எழுத்து அச்சில் நிலைபெறும் காலமும் அந்த ஒலி நாவிலிருந்து கழன்றுபோகும் காலமும் ஒன்றாக வந்து சேர்ந்தன.

மூன்று வழிகள்

முதல் வழி: ஒலி விழுந்து, பக்கத்து உயிர் நீண்டது. ‘நிஃட்’ என்பதில் உரசல் தேய்ந்து மறைந்தபோது, அது எடுத்துக்கொண்டிருந்த நேரத்தை இகரம் வாங்கிக்கொண்டது. ‘நிஃட்’ என்பது ‘நீட்’ ஆயிற்று. தமிழருக்கு இது புதிதல்ல. நம் மொழியில் இரண்டு உயிர்களுக்கு இடையில் நிற்கும் ககரம் மெலிந்தே ஒலிக்கும்; அது மெலிந்து மெலிந்து விழுந்த இடங்களில் முன்னால் நின்ற குறில் நெடிலாகியிருக்கிறது. பகுதி ‘பாதி’ ஆனது, மிகுதி ‘மீதி’ ஆனது, அகப்பை பேச்சில் ‘ஆப்பை’ ஆனது. விழுந்த மெய்யின் மாத்திரை எங்கும் போய்விடவில்லை, பக்கத்து உயிரில் சேர்ந்துவிட்டது. ‘நிஃட்’ சொல்லுக்கு நடந்ததும் இதே கணக்குத்தான். வேறுபாடு எழுத்தில் இருக்கிறது. நாம் ‘பாதி’ என்று ஒலித்தபடி புதிதாக எழுதிக்கொண்டோம். பழைய ‘பகுதி’ வேறு பொருளோடு தனியே நின்றுவிட்டது. ஆங்கிலேயர் ‘நீட்’ என்று சொல்லத் தொடங்கியபின்பும் ஜி-எச்சை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 15ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆங்கில நெடில் உயிர்கள் எல்லாமே இடம் பெயரத் தொடங்கின; ஈகாரம் ‘ஐ’ ஆயிற்று. ‘நீட்’ இப்படித்தான் ‘நைட்’ ஆனது. வட இங்கிலாந்தின் சில பகுதிகளில் இன்றும் ‘ரைட்’ என்பதை ‘ரீட்’ என்றும் ‘நைட்’ என்பதை ‘நீட்’ என்றும் பேசுகிறார்கள். அங்கே உரசல் தாமதமாக விழுந்தது. அங்கே ஈகாரம் உருவானபோது நெடில்கள் இடம் பெயர்ந்த அந்தப் பெரிய மாற்றம் கடந்து போயிருந்தது. பழைய படிநிலை ஒன்று பேச்சில் அப்படியே தங்கிவிட்டது.

இதிலிருந்து முக்கியமான ஒன்று தெரிகிறது. ஐ-க்குப் பின்னால் வரும் ஜி-எச்சை ‘சைலண்ட்’ என்று சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மைதான். அது ஒலிக்கவில்லை, ஆனால் வேலை செய்கிறது. எஸ்-ஐ-டி என்றால் ‘சிட்’. நடுவே ஜி-எச் வந்தால் ‘சைட்’. எஃப்-ஐ-டி ‘ஃபிட்’, ஜி-எச் வந்தால் ‘ஃபைட்’. முன்னால் உள்ள உயிர் நெடில் வழி வந்தது என்று அந்த இரண்டு எழுத்தும் அறிவிக்கின்றன. இதைச் சொல்லிக்கொடுத்தால் ‘லைட்’, ‘மைட்’, ‘டைட்’, ‘பிரைட்’, ‘ஃப்ளைட்’ என்று ஒரு குடும்பமே ஒரே விதியில் வந்துவிடும்.

இரண்டாவது வழி ‘ஃப்’. இது அ, ஒ, உ பக்கத்துச் சொற்களில் மட்டும் நடந்தது. இந்த உயிர்களுக்கும் ஃ ஒலிக்கும் நடுவே ஒரு சிறு உகரம் முளைத்தது. ‘டோஃடோர்’ என்பதில் உள்ள ஒகரத்திலிருந்து நா பின்னால் நகர்ந்து உரசலுக்குப் போகும் வழியில் உதடு குவிய, ‘டௌஃடர்’ போல ஆயிற்று. இன்று ‘டாட்டர்’, ‘தாட்’, ‘லாஃப்’ எல்லாவற்றிலும் ஜி-எச்சுக்கு முன்னால் ஒரு யு எழுதுகிறோமே, அந்த உகரத்தின் நினைவு அது. உதடு குவிந்த நிலையில் ஃ என்று உரசிப் பாருங்கள். அதோடு உதட்டுப் பக்கமும் காற்று உரசும். கேட்பவர் காதுக்கு அது ‘ஃப்’ என்றே படும். அடுத்த தலைமுறை கேட்டபடியே சொல்லத் தொடங்கினால் ஒலி மாறிவிட்டது என்று பொருள். ‘லாஃப்’, ‘காஃப்’, ‘ரஃப்’, ‘டஃப்’, ‘இனஃப்’ எல்லாம் அப்படி வந்தவை.

இந்த விளக்கம் வெறும் ஊகமா என்று கேட்கலாம். டச்சு மொழி இதற்கு அருமையான சான்று தருகிறது. அங்கே மாற்றம் தலைகீழாக நடந்தது. டகரத்துக்கு முன்னால் நின்ற பழைய ‘ஃப்’ அவர்களிடம் ‘ஃ’ ஆகிவிட்டது. காற்றை ஜெர்மானியர் ‘லுஃப்ட்’ என்கிறார்கள். டச்சுக்காரர் ‘லுஃட்’ என்கிறார்கள். வலிமை அங்கே ‘கிராஃப்ட்’, இங்கே ‘கிராஃட்’. ஆங்கிலத்தின் ‘ஆஃப்டர்’ டச்சில் ‘ஆஃடர்’. இரண்டு திசையிலும் வழுக்கியிருக்கிறது என்றால் அந்த இரண்டு ஒலிகளும் காதுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும்.

சில சொற்களில் ஒலி மாறியபோது எழுத்தும் மாறிவிட்டது. குள்ளரைக் குறிக்கும் ‘டுவார்ஃப்’ பழைய ஆங்கிலத்தில் ‘த்வெயோர்ஃ’. அதே உரசல், அதே மாற்றம். ஆனால் அது எஃப் போட்டு எழுதப்பட்டுவிட்டதால் யாரும் அதைப் பார்த்துக் குழம்புவதில்லை.

மூன்றாவது வழி, பின்னால் ஓர் உயிர் வந்த இடங்கள். மரக்கிளையைக் குறிக்கும் ‘பவ்’ ஒருமையில் ‘போஃ’. பன்மையில் விகுதி சேரும்போது அந்த ஒலி இரண்டு உயிர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மெலிந்து, கடைசியில் வகரமாகக் கரைந்தது. ஒரே சொல்லுக்கு இப்படி இரண்டு உருவங்கள் இருந்தன. பிற்காலத்தில் ஒன்று மட்டும் போதும் என்று மக்கள் தேர்ந்துகொண்டபோது, சில சொற்களில் ஒருமை உருவம் வென்றது, சிலவற்றில் பன்மை உருவம் வென்றது. ‘டஃப்’ சொல்லில் ஒருமை; ‘பவ்’ சொல்லிலும் கலப்பையான ‘ப்ளவ்’ சொல்லிலும் மற்றது. ‘இனஃப்’ என்பதற்கு ‘இனவ்’ என்று ஒரு பன்மை உருவம் பல காலம் கூடவே வழங்கி வந்தது. பிசைந்த மாவைச் சொல்லும் ‘டோ’ வடக்கத்தி வழக்கில் ‘டஃப்’ ஆனது. உலர்பழம் போட்டு அவிக்கும் ‘ப்ளம் டஃப்’ என்ற பழைய இனிப்பின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. இந்த ‘டஃப்’ இரண்டு எஃப் போட்டு எழுதப்படுவது.

ஓ-யு-ஜி-எச் என்று முடியும் சொற்கள் ஆளுக்கொரு விதமாக ஒலிப்பதன் காரணம் இவ்வளவுதான். வட்டாரத்துக்கு வட்டாரம் ஒவ்வோர் உருவம் வென்றது. லண்டனுக்குப் பிழைக்க வந்தவர்கள் தங்கள் தங்கள் உருவத்தைக் கொண்டுவந்தார்கள். பொதுவழக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. எழுத்து மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக நின்றது. லெஸ்டர்ஷயரில் உள்ள லஃப்பரோ நகரின் பெயரிலேயே இரண்டு ஜி-எச்: முதலாவது ‘ஃப்’, இரண்டாவது மௌனம். யார்க்ஷயரில் கீத்லி என்ற ஊர் இதையும் தாண்டியது. அதன் பெயரில் உள்ள ஜி-எச் நாக்கு பல்லில் படும் ‘த்’ ஒலியாக நிற்கிறது.

ஒலி எப்போது போனது என்று எப்படித் தெரியும்?

ஒலிப்பதிவு இல்லாத காலத்து ஒலியைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிப் பேச முடிகிறது? இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாட்சிகள் மூன்று வகை.

முதல் வகை, தவறாக எழுதியவர்கள். மகிழ்ச்சியைச் சொல்லும் ‘டிலைட்’ பிரெஞ்சு வழி வந்த லத்தீன் சொல். அதில் ஃ ஒலி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முன்பு டி-இ-எல்-ஐ-டி-இ என்றே எழுதினார்கள். 16ஆம் நூற்றாண்டில் அதற்குள் ஜி-எச் நுழைந்து இன்றுவரை இருக்கிறது. ஏன் நுழைந்தது? ‘லைட்’, ‘நைட்’ போன்றவற்றில் ஜி-எச் ஒலிக்காமல் போயிருந்தால் மட்டுமே ‘இப்படி முடிகிற சொல்லுக்கு ஜி-எச் போட வேண்டும் போல’ என்று எழுதுகிறவர் கைக்குத் தோன்றும். ஒலி உயிரோடு இருந்திருந்தால் ‘டிலைட்’ அதில் சேராது என்று காதே சொல்லியிருக்கும். ‘ஹாட்டி’ என்ற செருக்குச் சொல்லும் அப்படித்தான். பிரெஞ்சிலிருந்து வந்த அதற்கும் ஜி-எச் பின்னால் ஒட்டியது. சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘ஸ்ப்ரைட்லி’யும் அதே வகை. தேவையில்லாத இடத்தில் ஓர் எழுத்து தோன்றுவது, தேவையான இடத்தில் அது ஒலிக்காமல் போய்விட்டது என்பதற்கு மிக நல்ல ஆதாரம்.

இரண்டாவது வகை, எதுகை. ஷேக்ஸ்பியரின் ‘கிங் லியர்’ நாடகத்தில், முதல் அங்கத்தின் நான்காம் காட்சி முடியும் இடத்தில் கோமாளி பாடும் ஐந்து வரிகளின் முடிவுகளைப் பாருங்கள்: ‘காட் ஹர்’, ‘டாட்டர்’, ‘ஸ்லாட்டர்’, ‘ஹால்டர்’, ‘ஆஃப்டர்’. ஐந்தும் ஒன்றோடொன்று ஒத்திசைக்க வேண்டும். அப்படியானால் அன்று ‘டாட்டர்’ என்பதை ‘டாஃப்டர்’ என்று சொன்னார்களா, அல்லது ‘ஆஃப்டர்’ என்பதில் ‘ஃப்’ ஒலிக்காமல் ‘ஆட்டர்’ என்று சொன்னார்களா? இரண்டு பக்கமும் வாதம் உண்டு; ‘டாஃப்டர்’ என்ற உருவம் வட்டார வழக்கில் உண்மையிலேயே இருந்தது. எப்படிப் பார்த்தாலும் அந்தத் தொண்டை உரசல் அங்கே இல்லை என்பது மட்டும் உறுதி. இருந்திருந்தால் ‘ஆஃப்டர்’ அந்த வரிசையில் உட்கார்ந்திருக்க முடியாது.

மூன்றாவது வகை, ஆசிரியர்கள். லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் அலெக்சாண்டர் கில். கவிஞர் மில்டன் அந்தப் பள்ளியில் படித்தவர். கில் 1619இல் லத்தீன் மொழியில் ஓர் ஆங்கில இலக்கண நூல் வெளியிட்டார். ஒலித்தபடியே எழுத வேண்டும் என்று தனி எழுத்துகள் வகுத்த அவர், ஜி-எச் வரும் சொற்களில் அந்த உரசலுக்கு எச்-சின் மேல் கோடு போட்ட ஒரு வடிவம் கொடுத்தார். அதாவது கற்றவர் வாயில் அந்த ஒலி கேட்கத்தக்கது என்று 1619இலும் அவர் எண்ணினார். ‘டிலைட்’ சான்று ஒலி முன்பே போய்விட்டது என்கிறது. கில் இன்னும் இருக்கிறது என்கிறார். இதில் முரண் இல்லை. ஒலி ஒரே நாளில் எல்லார் வாயிலிருந்தும் போவதில்லை. சாதாரணப் பேச்சில் முன்னே போயிற்று. கவனமாகப் பேசுகிறவர்கள் இன்னும் இரண்டு மூன்று தலைமுறை பிடித்துவைத்திருந்தார்கள். தமிழில் ழகரம் இன்று இருக்கும் நிலையைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கதைக்குள் சேராத ஜி-எச்கள்

‘கோஸ்ட்’ என்ற பேய்க்கும் மேலே சொன்னதற்கும் தொடர்பே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ஜி மட்டும் போட்டு எழுதிய ‘காஸ்ட்’. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். அதற்கு முன் ஏறத்தாழ முப்பது ஆண்டு ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்துப் பகுதி) முதலிய நாடுகளில் வாழ்ந்தவர். அச்சுத்தொழிலோடு அந்த நாட்டுப் பழக்கமும் வந்தது. அங்கே ஆவியைக் குறிக்கும் சொல்லை ஜி-எச் போட்டு எழுதுவார்கள். காக்ஸ்டனின் பதிப்புகளில் ‘கோஸ்ட்’ எச் பெற்றது அப்படித்தான் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தச் சொல்லில் எச் ஒட்டிக்கொண்டதும் ‘காஸ்ட்லி’ என்று பயங்கரத்தைக் குறிக்கும் உறவுச் சொல்லும் அதைப் பின்பற்றியது.

‘கெட்டோ’, ‘ஸ்பகெட்டி’ இத்தாலியச் சொற்கள். இத்தாலிய எழுத்தில் இ-க்கும் ஐ-க்கும் முன்னால் ஜி தனியே வந்தால் ‘ஜ’ என்று ஒலிக்கும். ‘க’ என்று ஒலிக்க வேண்டுமானால் நடுவில் எச் போடுவார்கள். அங்கே எச் ஒரு காவலாள். நெய்யைக் குறிக்கும் ‘கீ’, படித்துறையைக் குறிக்கும் ‘காட்’ இரண்டும் இந்தியிலிருந்து போனவை. அவற்றில் எச் மூச்சோடு சொல்லும் ககரத்தைக் காட்டுகிறது. ஆங்கிலேயர் அந்த மூச்சை விட்டுவிட்டு வெறும் ‘க’ என்கிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாலும் சரி, சொல்லின் தொடக்கத்தில் ஜி-எச் வந்தால் ‘க’தான்.

இதை வைத்துப் பார்த்தால் ‘கோட்டி’ என்ற புகழ்பெற்ற வேடிக்கை எவ்வளவு பொய்யானது என்று தெரியும். ஜி-எச்-ஓ-டி-ஐ என்று எழுதி அதை ‘ஃபிஷ்’ என்று படிக்கலாமாம்: ‘டஃப்’ சொல்லின் ஜி-எச், ‘விமன்’ சொல்லின் ஓ, ‘நேஷன்’ சொல்லின் டி-ஐ. இதைப் பெர்னார்ட் ஷா சொன்னதாக எங்கும் எழுதுகிறார்கள். பதிப்பாளர் சார்லஸ் ஆலியர் 1855இலேயே எழுத்தாளர் லீ ஹண்டுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. ஷா பிறந்தது 1856இல். யார் சொன்னார்கள் என்பதை விட, அது தவறு என்பது எனக்கு முக்கியம். தொடக்கத்தில் வரும் ஜி-எச் எந்த ஆங்கிலச் சொல்லிலும் ‘ஃப்’ ஆனதில்லை. ஆகவும் முடியாது, குவிந்த உதட்டு உயிர் முன்னால் இருந்தால்தானே அந்த மாற்றம் நடக்கும்? கடைசியில் வரும் டி-ஐ ‘ஷ்’ ஆவதும் இல்லை. இடத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுத்தை மட்டும் தூக்கிவந்து காட்டுகிற வாதம் இது. ஆங்கில மெய்யெழுத்துகள் இடம் பார்த்தே ஒலிக்கின்றன. தமிழில் ஒரே ககரம் ‘கல்’ சொல்லில் ஒரு விதமாகவும் ‘தங்கம்’ சொல்லில் ஒரு விதமாகவும் ‘மகன்’ சொல்லில் இன்னொரு விதமாகவும் ஒலிப்பதை இடம் பார்த்துப் படித்துப் பழகிய நமக்கு இதில் தடுமாற்றமே வரக் கூடாது.

நீக்கப் பார்த்தவர்கள்

ஒலி போன பின் எழுத்தையும் எடுத்துவிடலாமே என்று பலர் முயன்றார்கள். நோவா வெப்ஸ்டர் தம் 1828ஆம் ஆண்டு அகராதியில் கலப்பையைப் பி-எல்-ஓ-டபிள்யூ என்று எழுதினார். அமெரிக்கா அதை ஏற்றது. ‘டிராஃப்ட்’ என்பதும் அமெரிக்காவில் எஃப் போட்டே எல்லாப் பொருளிலும் வழங்குகிறது. பிரிட்டனில் கடிதத்தின் வரைவுக்கு எஃப், கதவிடுக்கில் வரும் காற்றுக்கு ஜி-எச் என்று பிரித்து எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே சொல், ஒரே உச்சரிப்பு.

1906இல் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எழுத்துச் சீர்திருத்தத்துக்கென ஒரு வாரியம் அமெரிக்காவில் அமைந்தது. 300 சொற்களுக்குச் சுருக்க எழுத்துக்கூட்டலைப் பரிந்துரைத்தது. ‘தோ’, ‘த்ரூ’ இரண்டிலும் ஜி-எச் போய்விட்டிருந்தது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அந்த ஆண்டு ஆகஸ்டில், அரசு அச்சகம் இனி இப்படித்தான் அச்சிட வேண்டும் என்று உத்தரவிட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது. ஆண்டு முடிவதற்குள் அவர் பின்வாங்க வேண்டியதாயிற்று. ‘சிகாகோ டிரிப்யூன்’ நாளிதழ் 1934இல் தன் சொந்தப் பட்டியலோடு இறங்கியது. அதன் ‘தோ’வும் ‘த்ரூ’வும் 1975 வரை தாக்குப்பிடித்தன.

உத்தரவு போட்டு நடக்காதது கடைப் பலகையில் நடந்திருக்கிறது. ‘டோனட்’ என்பதில் ஜி-எச்சை இன்று எத்தனை கடை எழுதுகிறது? சாப்பாட்டை வண்டியிலிருந்தே வாங்கிப்போகும் ‘டிரைவ்-த்ரூ’ பலகைகள் சென்னையிலும் நான்கே எழுத்தில் ‘த்ரூ’ என்கின்றன. ஆனால் அதே ஆட்கள் கடிதம் எழுத உட்கார்ந்தால் ஜி-எச் திரும்பி வந்துவிடுகிறது.

‘நைட்’ குடும்பத்தில் ஜி-எச்சை எடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அங்கே அது உயிரின் நீளத்தைச் சொல்லும் பயனுள்ள எழுத்து. ‘த்ரூ’வில் எடுத்துவிட்டால் இழப்பொன்றும் இல்லை.

வகுப்பில் எந்த வரிசையில் சொல்வது?

தமிழ்வழியில் படித்துவரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத் தரும்போது, தனிச் சொற்களாகக் கொடுக்காமல் இடமாகக் கொடுப்பது நல்லது. சொல்லின் தொடக்கத்தில் ‘க’. ஐ அல்லது இ-ஐ, ஏ-ஐ ஆகியவற்றுக்குப் பின்னால் எப்போதும் மௌனம்: ‘ஹை’, ‘நைட்’, ‘எய்ட்’, ‘வெய்’, ‘நெய்பர்’, ‘ஸ்ட்ரெய்ட்’. கீத்லி போன்ற ஊர்ப் பெயரை விட்டால், இந்த இரண்டுக்கும் விலக்கு தேட வேண்டியதே இல்லை. ‘ஹைட்’ சொல்லில்கூட உயிர்தான் மாறுகிறது, ஜி-எச் மௌனமாகவே இருக்கிறது.

அடுத்து, ஏ-யு அல்லது ஓ-யு முன்னால் வந்து, பின்னால் டி நிற்கிற சொற்கள்: ‘பாட்’, ‘பிராட்’, ‘தாட்’, ‘ஃபாட்’, ‘காட்’, ‘டாட்’, ‘டாட்டர்’. இங்கேயும் மௌனம். இறந்தகால வினைகள் பல இதில் அடங்கிவிடுவதால் இந்த ஒரு வரி மிகவும் பயன் தரும். விலக்கு மிகக் குறைவு: ‘லாஃப்டர்’ என்பது ‘லாஃப்’ சொல்லின் பிள்ளை என்பதால் ‘ஃப்’ வைத்திருக்கிறது, ஜி-எச் போட்டு எழுதும் ‘டிராஃப்ட்’ இன்னொன்று. வறட்சியான ‘டிரவுட்’ சொல்லில் ஜி-எச் மௌனம்தான், உயிர் மட்டும் ‘அவு’.

இதற்கெல்லாம் பிறகு உண்மையாகவே உருப்போட வேண்டியவை, ஜி-எச்சிலேயே முடிகிற ஏறக்குறைய இருபது சொற்கள். அதிலும் அன்றாடம் வருபவை இவ்வளவுதான். ‘ஃப்’ ஒலிப்பவை: லாஃப், காஃப், டிராஃப், ரஃப், டஃப், இனஃப். மௌனமானவை: தோ, ஆல்தோ, டோ, த்ரூ, பவ், ப்ளவ், தரோ, பரோ. முதல் பட்டியலை மட்டும் படித்தாலே போதும். அதில் இல்லாதது மௌனம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஸ்லவ்’ என்று ஒரு சொல் இரண்டு பக்கமும் நிற்கும். சேற்றுநிலத்தைக் குறித்தாலோ, லண்டனுக்கு மேற்கே உள்ள ஊரைக் குறித்தாலோ ‘ஸ்லவ்’. பாம்பு உரித்த சட்டையைக் குறித்தால் ‘ஸ்லஃப்’. இரண்டும் வேறு வேறு சொற்கள், எழுத்து மட்டும் ஒன்று. அதை அகராதியில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம்.